சர்ட்டிபிகேட் அம்மா

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நாலு முறை, சில நாட்களில் ஆறு முறை, மகன் செத்துப்போனான்.

மாடியில் குடியிருந்த எங்களுக்குப் படிக்கட்டு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். முதலில் கீழ்வீட்டு ஐயாவின் குரல் வரும். ஜெரோமு இன்னும் காலேஜிலிருந்து வரலியா என்று கேட்பார். கீழே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுவிடும். வீட்டுக்கார அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே நிற்பது எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"ஜெரோமு செத்துட்டான்."

"எப்ப?"

"இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. நோணாங்குப்பம் ஆத்துல பசங்களோட குளிக்கப் போனான். முழுகிட்டான்."

பிறகு அந்த அழுகை தொடங்கும். பழைய துக்கத்தை நினைத்து அழுபவரின் அழுகை அல்ல அது. வாசலில் யாரோ வந்து அந்த நிமிடம் செய்தி சொல்லிவிட்டுப் போனதைப் போல இருக்கும். கால் மணி நேரத்தில் எதற்காக அழுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிடும். அழுகை மட்டும் நிற்காது. காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அம்மா கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைப்பார். டீயை ஆற்றி வாயருகே கொண்டுபோவார். அழுகை அடங்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் அடுத்த முறை கேட்கும்போதும் அதையேதான் சொல்வார். அவருக்குப் பொய் வராது. சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பாட்டு வராதே, அந்த மாதிரி.

மூலக்குளத்தில் நாங்கள் வீடு பார்க்கப் போன அன்றைக்கே இதைத் தெரிந்துகொண்டோம். வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் வீட்டின் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. பாத்ரூம் மூலையில் மழைக்கு ஒழுகும். மேற்கு வெயில் நேராக அடிப்பதால் சாயங்காலம் வரைக்கும் மாடி கொதிக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் கணவரைக் காட்டினார். "அவருக்கு மறதி நோய். சத்தம் போடுவாரு, அழுவாரு. உங்க கொழந்த தூங்காது. யோசிச்சுட்டு வாங்க." படி இறங்கும்போதே என் மனைவி சுகன்யா, இந்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாம், இவங்க நம்மை ஏமாற்ற மாட்டாங்க என்றாள்.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஊரில் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுப் பேரில் 'எத்தா சிவில்' என்றே சொல்கிற பிரிவு. அதனால் தெருவில் அவருக்கு சர்ட்டிபிகேட் அம்மா என்றே பேர். அந்தப் பேரில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் சேர்க்க இரண்டு வாரம் வயது போதவில்லை. தேதியை ஒரு மாதம் முன்னால் தள்ளிக் கொடுங்கள் என்று அந்த வீட்டுக்காரர் வந்து கெஞ்சினாராம். "பொறந்த அன்னிக்கிதான் பொறந்துச்சு. நாம எழுதறதால அது மாறிடுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வீட்டோடு எட்டு வருடம் பேச்சு இல்லை. இதை எனக்குச் சொன்னதும் அவர்தான். குற்றமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

கோயிலில் பூசை முடிந்து பாதர் அறிவிப்பு வாசிக்கும்போது திருவிழாக் கொடியேற்றத்தின் கிழமையைத் தப்பாகச் சொல்லிவிட்டால், மொத்தக் கூட்டத்தில் இவர் ஒருவர்தான் எழுந்து நிற்பார். என் மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "புடவ நல்லா இருக்கு. உனக்கு நல்லா இல்ல" என்றார். என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாவது நாள் அந்தப் புடவையைத் தன் தங்கைக்குக் கொடுத்தாள். அது உண்மைதானே என்றாள்.

பட்டாணி உரித்துக்கொண்டே ஒரு நாள் அவர் சொன்ன விஷயம் எனக்கு மறக்காது. மகன் ஆற்றில் போனது ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு. உடல் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலையில். பதிவு அம்மாவோடு வேலை பார்த்தவரிடம்தான் போயிற்று. அவர் பதற்றத்தில் உடல் கிடைத்த நாளையே இறந்த நாளாக எழுதிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அலுவலகத்துக்குப் போன முதல் நாள், அம்மா பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். டாக்டர் கொடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, முறைப்படி திருத்தம் போட்டு, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். "வியாழன்னு என் கையெழுத்துலதான் இருக்கு" என்றார். பட்டாணித் தோலைத் தனியாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன்.

ஐயா பொதுப்பணித் துறையில் ஜீப் டிரைவராக இருந்தவர். பாகூர் ஏரியிலிருந்து கனகசெட்டிக்குளம் எல்லை வரைக்கும் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. மனைவியின் பேர் மறந்துபோன பிறகும் பாதைகள் அவருக்கு மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் சட்டை போட்டுக்கொண்டு, இன்ஜினியர் காத்திருப்பார் என்று கிளம்புவார். நாற்காலியில் உட்கார்ந்து கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவார். காலால் தரையை மிதித்து பிரேக் போடுவார். "நீங்க ரிட்டயர் ஆயி பதினாறு வருஷம் ஆச்சு" என்று அம்மா சொல்வார். அன்றைய சண்டை அதில் தொடங்கும்.

இரண்டு தடவை அவர் வெளியே போய்விட்டார். ஒருமுறை வில்லியனூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவரை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு வந்தது. சாவி அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கும். குளிக்க வைக்க ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீரைக் கண்டால் அவருக்குப் பயம். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துவிடுவார். பல்செட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிடுவார். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் தூங்கி எழுவார். நாங்கள் குடிவந்த ஒரு வருடத்தில் அவருடைய ரவிக்கைகள் எல்லாம் தோளில் தொங்க ஆரம்பித்தன.

ஒரு நாள் அம்மாவின் உதடு வீங்கியிருந்தது. கோயிலிலிருந்து வந்த பெண்கள் இரண்டு பேர் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கதவு இடித்துவிட்டது என்பார்கள். அவர், "இவரு அடிச்சாரு" என்றார். அவர்கள் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா அவர்களுக்கு வணக்கம் சொல்லிச் சிரித்தார். "வேணும்னு அடிக்கல. ஆனா அடிச்சாரு" என்றார் அம்மா.

அந்த வாரம்தான் நான் அம்மாவையும் ஐயாவையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மாதிரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மகன் செத்துவிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி, பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள், மகனைப் பற்றி அவரையே ஏதாவது சொல்லச் சொல்லுங்கள் என்றார். அம்மாவுக்கு அது புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஐயா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளிய போயிருக்கான், வந்துடுவான்னு சொல்லிடுங்கம்மா. அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்றேன் நான்.

பேச்சைத் திருப்பச் சொன்னது டாக்டர். பொய் சொல்லச் சொன்னது நான்.

அம்மா ஐயாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு, "அவன் செத்தத நெனச்சு இப்ப அழறது இவரு ஒருத்தருதான் தம்பி. நான்கூட அழறதில்ல" என்றார்.

இன்னும் மூன்று வாரம் அதே மாதிரி போயிற்று. ஒரு மத்தியானம் செய்தியைக் கேட்ட ஐயா சுவரில் நெற்றியை மோதிக்கொண்டார். நானும் என் மனைவியும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் வாயில் சோறு வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டு ஜன்னலுக்குக் கீழே அதே கேள்வி வந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. எப்போதையும்விட அதிக நேரம் நின்றிருந்தது.

"வெளிய போயிருக்கான்."

அது அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. ஐயா, சரி சரி என்றார். இட்லி இருக்கா என்று கேட்டார். நாலு இட்லி சாப்பிட்டார்.

அம்மா படியேறி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "சொல்லிட்டேன்" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, நல்லதுதானேம்மா என்றாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர், பாதர் இது பாவமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். "அவருக்கு இன்னா தெரியும்" என்றும் சொன்னார்.

ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. எப்ப வருவான், யாரோட போனான், ஏன் சொல்லிட்டுப் போகல என்று ஐயா அடுத்தடுத்துக் கேட்டார். அம்மாவுக்கு அடுத்த பொய் வரவில்லை. தடுமாறினார். அவர் தடுமாறுவதைப் பார்த்து ஐயாவுக்குச் சந்தேகம் வந்தது. மறுபடியும் நெற்றி சுவர்ப் பக்கம் போக ஆரம்பித்தது. அப்போது எனக்கு அந்த யோசனை தோன்றியது. அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய், அங்கிருந்து அவர் போனுக்கு அடித்தேன். அவர் ஸ்பீக்கரைப் போட்டு ஐயாவின் முகத்தருகே பிடித்தார்.

அப்பா சாப்டீங்களா, நான் சாயங்காலம் வந்துடுவேன் என்றேன். இரண்டே வாக்கியம். ஐயா சிரித்த சத்தம் போனிலும் கேட்டது, படிக்கட்டு ஜன்னலிலும் கேட்டது.

அன்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு நன்றி சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவர் திருத்தம் சொன்னார். "ஜெரோமு அப்பான்னு கூப்புட மாட்டான். பப்பான்னுதான் கூப்புடுவான். அவ்ளோ வேகமாவும் பேச மாட்டான்." பொய்யென்றாலும் பிழையில்லாமல் இருக்கவேண்டும் அவருக்கு. அடுத்த நாள் மோர் குடித்தேன் என்று சொல்லிவிட்டேன். அவன் மோரைத் தொடமாட்டான், சளி பிடிக்கும் என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். நாளாக நாளாக ஜெரோமைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துவிட்டது. அவன் எந்த வார்த்தையை இழுத்துச் சொல்வான் என்பதுவரைக்கும் தெரிந்துவிட்டது.

நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தேன். வேலைக்குப் போகும் நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. ஐயா சாப்பிட்டார், தூங்கினார், உடம்பு தேறினார். சுவரில் மோதிக்கொள்வது நின்றுவிட்டது. தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம், ஐயா பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். குறட்டை கேட்டது. போனை வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மழையில நனையாத வா." கொஞ்சம் பொறுத்து, "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டது.

எங்கிட்டதான் கேட்கிறார் என்று நினைத்து, இன்னும் சாப்பிடலம்மா, சுகன்யா தோசை ஊத்திட்டு இருக்கா என்றேன். போன் கட்டாகிவிட்டது. அவர் என்னைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இதோட நிறுத்திடுங்க என்றாள். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பயம். கீழே சமைக்கிற மீனில் ஒரு துண்டு தனியாக மூடி வைக்கப்படுவதை அவள் பார்த்திருந்தாள். ஐயா சொல்லித்தான் வைக்கிறேன் என்று அம்மா அவளிடம் சொன்னாராம். ஐயா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு வேளை போன் போகவில்லை என்றால் கீழே சத்தம் தொடங்கிவிடும். அதனால் சுருக்கமாகப் பேசப் பழகிக்கொண்டேன். கேட்கிற எல்லாவற்றுக்கும் ஆமா பப்பா, சரி பப்பா. பாதி கவனம்தான் இருக்கும். அம்மாவும் முன்போல நின்று கேட்பதில்லை. பட்டனை அமுக்கிக் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு நாளில் அவருக்குக் கிடைத்த ஓய்வு அது.

என் மனைவி குழந்தையோடு விழுப்புரத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. கம்பெனியில் மெஷின் மக்கர் செய்து, சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய் இரண்டே காலுக்குத்தான் போன் போட்டேன். காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒரு கையால் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஐயா நன்றாகவே பேசினார். சத்தம் ரொம்ப இருக்கே, எங்கடா இருக்க என்றார். வெளிய இருக்கேன் பப்பா என்றேன்.

"நோணாங்குப்பத்துலயா இருக்க?"

"ஆமா பப்பா."

"அங்கியே இரு. நான் வரேன்."

"சரி பப்பா."

வைத்துவிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. வாசல் கேட்தான் பூட்டியிருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டார். போனேன்.

மூன்றரை மணிக்கு அம்மா கூப்பிட்டார். ஐயாவக் காணோம் என்றார். தண்ணீர் கேன் போடுபவர் வந்துவிட்டுப் போனபின் கேட்டைப் பூட்டத் தான் மறந்துவிட்டதாகச் சொன்னார். இதோ வருகிறேன் என்று சொன்னேன். பைக்கை எடுத்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நோணாங்குப்பத்துக்குப் போனேன்.

போட் ஹவுஸ் பக்கம் எங்கும் அவர் இல்லை. அங்கிருந்து தள்ளி, ஆட்கள் இல்லாத கரைப் பக்கம் நடந்தேன். வலையை அலசிக்கொண்டிருந்த ஒருவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார், இடுப்பளவு தண்ணீரில் நின்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார், குளிக்க வந்தவர் என்று நினைத்தோம் என்றார். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர். சட்டையைக்கூட மடித்துவிடாமல் இறங்கியிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லையாம். கரையில் செருப்பு இரண்டும் ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

அரை மணி நேரம் கழித்து அம்மா வந்தார், கூட ஒரு போலீஸ்காரர். ஐயா நோணாங்குப்பம்தான் போயிருப்பார் என்று அம்மாதான் போலீசிடம் சொல்லியிருக்கிறார். மகன் போன இடம் என்பதால் யூகித்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கரைக்கு வந்ததும் முதலில் தண்ணீரைப் பார்க்கவில்லை. செருப்பையும் பார்க்கவில்லை. அங்கே ஏற்கெனவே வந்து நிற்கிற என்னைப் பார்த்தார்.

இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் ஆற்றோரச் சுரபுன்னை மர வேர்களுக்கு நடுவில் கிடைத்தார்.

விசாரணைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். அவர் எப்படி வெளியே போனார், அங்கே போக என்ன காரணம் என்று கேட்டார். கேட்டைப் பூட்டாதது நான்தான் என்றார் அம்மா. மகன் அங்கேதான் செத்தான் என்றார். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அம்மாவின் போன் மேஜைமேல் கிடந்தது. அதில் என் நம்பர் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"கடைசியா யாருகிட்ட பேசினாரும்மா?"

"எங்கிட்ட."

ஒரு வினாடிகூட யோசிக்காமல் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அதற்காக இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை. ஆனால் அன்றைக்கு மூச்சு வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நேராகக் கேட்டார்.

"அன்னிக்கு போன்ல இன்னா பேசுனீங்க தம்பி?"

"எப்பவும் போலதாம்மா. சாப்டீங்களான்னு கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பான தேதியைப் பார்க்கிற பார்வை அது. திருத்துவார் என்று காத்திருந்தேன். திருத்தியிருந்தால் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கொட்டியிருப்பேன் என்று பிறகு பல நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர், "சரி" என்றார். நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

அதற்குப் பிறகு கீழே அழுகைச் சத்தம் இல்லை, கேள்விச் சத்தம் இல்லை. ஜன்னல் திறந்தே இருந்தது. சில மத்தியானங்களில் இரண்டு மணி சுமாருக்குப் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுவிடும். என் போனை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்து மூடுவேன். என் மனைவியிடம் கம்பெனிக்குப் பக்கமாக வீடு பார்க்கலாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்டதற்குத் தண்ணீர் உப்பு என்றேன்.

சாமான்களை ஏற்றிய அன்றைக்குச் சாவியைக் கொடுக்கக் கீழே போனேன். கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். உடம்பு இன்னும் இளைத்திருந்தது. என் மனைவியும் குழந்தையும் அவரிடம் சொல்லிக்கொண்டு வண்டிக்குப் போயிருந்தார்கள். சாவியை நீட்டினேன். அவர் அதை வாங்காமலே பேசினார்.

"அன்னிக்கு நான் மொட்ட மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். இவரு கீழ வாசல்ல வந்து நின்னு சத்தமா சொன்னாரு. ஜெரோமு போன்ல கூப்புட்டான், நோணாங்குப்பத்துல இருக்கானாம், போயி கூட்டியாரேன்னாரு. கேட்டு பூட்டியிருக்குதுன்னு நெனச்சு, நான் சரி போயிட்டு வாங்கன்னு சொன்னேன்."

பழைய அம்மாவாக இருந்தால் அங்கே யாரும் இல்லை, அவன் செத்துவிட்டான் என்று மேலிருந்தே சொல்லியிருப்பார். ஐயா வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

"மொதல்லியே தெரியும் எனக்கு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. எதிர்வீட்டுக் கதையைச் சொன்ன அதே குரல். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வண்டி கிளம்பி வில்லியனூர் ரோட்டைத் தொட்டபோது என் மனைவி, அம்மா அவ்வளவு நேரம் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"நல்லா இருங்கன்னு சொன்னாங்க" என்றேன்.